கால் தொட்டியும் கார்பன் அயனியும்

வளவனூர் அருணாவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்த செய்தி ஊருக்குள் வந்ததும் முதலில் வீட்டுக்கு வந்தவர் எதிர்த் தெரு மளிகைக்கடைக்காரர். முதுகில் ஒரு கட்டி இருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்டையைக் கழற்றினார். தான் அந்த டாக்டர் இல்லை என்று அருணா சொன்னாள்.

"அப்ப எந்த டாக்டரு?"

புற்றுநோய் செல்களின் மேல் கன அயனிக் கதிர் பட்டால் என்ன ஆகிறது என்று ஏழு வருஷம் பார்த்தேன் என்றாள்.

"பாத்து?" என்று கேட்டார் அவர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அருணாவின் அம்மா பூமாலை நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போய் மகளைப் படிக்க வைத்தவள். விழுப்புரத்தில் விலங்கியல் முடித்த மகள், யாருக்கும் வாயில் நுழையாத ஒரு தலைப்போடு டெல்லிக்கு ரயில் ஏறினாள். அங்கே ஓர் ஆய்வகத்தில், கார்பன் அணுவிலிருந்து எலெக்ட்ரான்களை உரித்துவிட்டு மிச்சத்தை அசுர வேகத்தில் ஓட்டிவிடும் இயந்திரம் இருந்தது. ஓடிவரும் அந்த மிச்சம்தான் கன அயனி; ஆங்கிலத்தில் ஹெவி அயான். அருணாவின் குழுவுக்கு அந்தக் கதிர் வருஷத்தில் இரண்டு முறை, சில மணி நேரம் கிடைக்கும். அதற்கு மூன்று வாரம் முன்பே அவள் செல்களை வளர்க்கத் தொடங்குவாள். தட்டின் அடியில் ஒட்டி வளர்ந்த செல்களின் மேலே இருக்கும் ஊட்டத் திரவத்தைக் கதிருக்கு முன் நிறுத்தும் நேரத்தில் வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் கதிர் அந்தத் திரவத்திலேயே நின்றுபோகும். வடித்துவிட்டுத் தாமதித்தால் செல் காய்ந்து சாகும். சில வினாடிக் கதிர், உடனே மறுபடி திரவம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றினால், பிழைத்துப் பெருகிய ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாகத் தெரியும். வழக்கமான காமாக் கதிர் பட்ட தட்டில் புள்ளிகளை எண்ணி மாளாது. அதே அளவு கார்பன் பட்ட தட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் புள்ளிகளை எண்ணியவள் அருணா. கட்டுரைகளில் முதலில் வந்தது அவளுடைய வழிகாட்டியின் பெயர். ஏழு வருஷத்தில் அவர் செல் வளர்க்கும் அறைக்குள் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் புகைப்படக்காரர் கூட வந்தார்.

பட்டம் வாங்கியபின் வேலை கிடைக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் போனதும் ஊர் திரும்பி, விழுப்புரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே அவளுடைய டாக்டர் பட்டம் விளம்பரத் தட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது. அவளுக்குக் கொடுத்த வேலை தவளையின் செரிமான மண்டலம் நடத்துவது. அதோடு காலையில் கல்லூரிப் பேருந்துகளில் மாணவர்களின் வருகையைக் குறிப்பது. இப்படி வாழ்கிற ஒருத்தியின் நாக்கு இனிப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் எதிர்பார்த்துக்கொள்ளட்டும். அருணாவின் நாக்கு சுள்ளென்று இருக்கும். அவளுக்குப் பயந்து உறவினர்கள் பாதிப் பேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேரோடு அவள் பேசுவதில்லை.

விதிவிலக்கு ஒரே ஆள்: திண்டிவனத்தில் இருக்கும் தாய்மாமன் சவுரிராயன். அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா நீ பண்ணிக்கினே இரு" என்று டெல்லிக்குப் போன் போட்டுச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

போன வருஷம் சித்திரையில் அவருக்கு இடது காதுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. பல் வலி என்று நினைத்துக் கிராம்பு வைத்துக்கொண்டிருந்தார். புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் பார்த்தபோது, உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த புற்று என்று தெரிந்தது. மெதுவாக வளர்வது, ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும் வகை. அறுவை செய்து எடுத்தார்கள். முகத்து நரம்பின் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், ஆறு வாரத்துக்குள் கதிர் சிகிச்சை தொடங்க வேண்டும், மொத்தம் முப்பத்து மூன்று நாள் என்று சொல்லி அனுப்பினார்கள். அறுவைக்குப் பின் மாமாவின் வாய் இடது பக்கம் கொஞ்சம் தொங்கிப்போனது.

அருணாவுக்கு அப்போது பரீட்சைத் தாள் திருத்தும் காலம். போனில் விசாரிக்கும்போதெல்லாம் மாமாவின் மகனுடைய மனைவி பானுப்ரியா, "டிரீட்மெண்ட் நல்லா போய்க்கினு இருக்குதுக்கா" என்றாள். அருணா நம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வளவனூர் சந்தையில் வாங்கிய ஒரு முழ வாழைத்தண்டோடு திண்டிவனம் போனாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அருணா அவருடைய கழுத்தைப் பார்த்தாள். தையல் தழும்பைச் சுற்றித் தோல் சாதாரணமாக இருந்தது.

"எத்தினி நாள் ஆச்சு மாமா?"

"நாலு வாரம் ஆவுதும்மா."

"நாலு வாரம் கதிர் பட்டிருந்தா இந்த எடம் கருத்துப் போயிருக்கணும். தோல் உரிஞ்சிருக்கணும். எங்க போய்க்கினு இருக்கீங்க?"

மாமா தரையைப் பார்த்தார். பானுப்ரியா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி ஒரு துளியும் இல்லை. பெருமை இருந்தது.

"அக்கா, உங்க டிரீட்மெண்டுதான். ஹெவி அயான்! மரக்காணம் ரோட்டுலயே வந்துடுச்சு. நீங்க படிச்சதாச்சேன்னுதான் மாமாவ அங்க கூட்டிக்கினு போனேன். பெரியாஸ்பத்திரில முடி கொட்டும், வாய் வெந்து போவும்ன்றாங்க. இங்க ஒரு வலி கெடையாது."

அருணா திரும்பிச் செருப்பை மாட்டினாள். கையிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "வாங்க மாமா, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று வாசலுக்கு இறங்கினாள்.

மரக்காணம் சாலையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த நிலையம். பலகையில் ஒரு அணுவின் படம், பக்கத்தில் சிரிக்கும் வெள்ளைக்காரக் குடும்பம். உள்ளே எட்டுப் பேர் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, காலை பிளாஸ்டிக் தொட்டிகளில் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு தொட்டியிலும், பக்கத்திலிருந்த சின்ன மின்பெட்டியோடு இணைத்த ஒரு கம்பிச்சுருள் முங்கியிருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் அத்தனை பேரும் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் உடம்பிலிருந்து இறங்கும் நோயாம்.

உரிமையாளர் வெள்ளைக் கோட்டில் வந்தார். பெயர் வல்லரசு. பார்த்ததுமே அருணாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவள் கல்லூரியில் படித்த காலத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வளவனூரில் வீடு வீடாக வந்த ஆள். குடத்துத் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் பழுப்பானதும், "பாருங்கம்மா, இதத்தான் குடிச்சிக்கினு இருக்கீங்க" என்று காட்டுவார். பூமாலை பயந்துபோய் நல்ல தண்ணீர் முழுவதையும் முருங்கை மரத்தடியில் கொட்டினாள். இரும்புக் கம்பி துருப்பிடித்தால் தண்ணீர் பழுப்பாகும் என்பதை மகள் சொல்லியும் கேட்கவில்லை. பதினைந்து வருஷத்தில் வல்லரசு செய்த ஒரே மாற்றம், குடத்திலிருந்த கம்பியைத் தொட்டிக்கு மாற்றியதுதான். அன்று தண்ணீருக்கு நோய், இன்று மனிதனுக்கு.

"இதுல கன அயனி எங்கேர்ந்து வருதுங்க?" என்று அருணா கேட்டாள்.

"இந்தக் கம்பிக் காயில்லேர்ந்து மேடம். உள்ளங்கால் வழியா ஏறி, கேன்சர் செல்லத் தேடிப் போயி ஒடைக்கும். ஒடஞ்ச செல்லு தண்ணில எறங்கிடும்."

"கார்பனா, வேற எதனாவா?"

"எல்லாம் கலந்துதான்" என்றார் வல்லரசு.

கார்பன் அயனியை ஓட்டிவிட ஒரு கட்டடம் உயர இயந்திரம் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பெட்டியில் எல்லாம் கலந்து வருகிறதாம். அருணா சுற்றிலும் பார்த்தாள். ஆள் உட்காராமல் தெளிந்த தண்ணீரோடு இருந்த ஒரு தொட்டியின் முன் குனிந்தாள். பையிலிருந்த வாழைத்தண்டை எடுத்து அதில் போட்டாள். சுவிட்சைத் தட்டினாள்.

எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கைப்பேசியில் படம் எடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் பழுப்பானது. பத்து நிமிஷத்தில் மற்றத் தொட்டிகளைப் போலவே செம்மண் குழம்பாக நுரைத்தது.

"பாருங்க" என்றாள் அருணா, எல்லோருக்கும் கேட்கும்படி. "வாழைத்தண்டுக்கு எந்த எடத்துல கேன்சரு?"

எட்டுப் பேரும் ஒரு நொடி தங்கள் தொட்டியையும் அந்தத் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியில் உண்மை ஜெயித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அவளுடைய படிப்பில் மனிதர்களைப் பற்றி ஒரு பாடமும் இல்லை.

வல்லரசு தொட்டிக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! ஒரு தண்டுக்கு எவ்ளோ பூச்சிமருந்து அடிக்கிறானுங்க! அத்தனையும் மெஷின் இழுத்துடுச்சு. இதத்தானே நாம துன்னுக்கினு இருக்கோம்?"

எட்டுப் பேரும் "ஆமா, ஆமா" என்றார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு விவசாயி காலைத் தொட்டியிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "ஏங்க, வெண்டைக்கா கொண்டாந்தா அதுக்கும் எடுத்துக் குடுப்பீங்களா?"

அருணா வாழைத்தண்டை அங்கேயே விட்டுவிட்டு மாமாவின் கையைப் பிடித்துக் கீழே இறங்கினாள்.

பேருந்து நிலையத்தருகே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டே வந்தாள். வல்லரசை, அந்த எட்டுப் பேரை, பானுப்ரியாவை, ஊரை. மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். டீ வந்ததும் வலது பக்கமாகச் சாய்த்து உறிஞ்சினார். பிறகு கேட்டார்.

"நெஜமான ஹெவி அயான்னு ஒண்ணு இருக்குதுல்ல? நீ படிச்சது?"

"இருக்குது மாமா."

"அது என் நோவுக்குக் கேக்குமா?"

"கேக்கலாம். உங்க மாதிரி கட்டிக்குத்தான் ஜப்பான்ல, ஜெர்மனில குடுக்கறாங்க."

"இங்க?"

"இங்க இல்ல. புரோட்டான்னு அதவிட லேசான கதிர் மெட்ராஸ் வரைக்கும் வந்துடுச்சு, ஆனா பல லட்சம் ஆவும். கார்பன் நம்ம நாட்டுலயே இல்ல."

"அப்ப நீ ஏழு வருஷம் டெல்லில பண்ணிக்கினு இருந்தது?"

"அது ஆராய்ச்சி மெஷின் மாமா. தட்டுல ஒட்டியிருக்கற செல்லுக்குத்தான். அதுல வர்ற கதிர் உங்க தோலக்கூடத் தாண்டாது."

மாமா சிரித்தார். முகத்தின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. "அப்ப வல்லரசு தொட்டியும் உன் மெஷினும் எனக்கு ஒண்ணுதான்."

அருணா தன் தம்ளரைக் கையில் எடுக்கவே இல்லை. டீ ஆறி ஆடை கட்டியது.

"கோச்சிக்காதம்மா. செல்லுக்கு இன்னா ஆவுது, அதச் சொல்லு" என்றார் மாமா.

பட்டம் வாங்கிய பிறகு முதல் முறையாக ஒருவர் அவளிடம் அதைக் கேட்டார். அவள் கண்ணாடித் தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கயிறு மாதிரி ஒண்ணு இருக்குது மாமா. ரெண்டு புரி. செல்லு எப்படி வாழணும், எப்படிப் பெருகணும்னு எல்லாம் அதுலதான் இருக்குது. சாதாரண கதிர் தூறல் மாதிரி பரவலா விழும். ஒரு புரி அங்க அறும், ஒரு புரி இங்க அறும். இன்னொரு புரி முழுசா இருக்கறதால செல்லு அதப் பாத்து ஒட்டிக்கினு பொழச்சிக்கும். கார்பன் கனமானது. அது போற தடத்துல ரெண்டு புரியையும் ஒரே எடத்துல துண்டு துண்டா நறுக்கிட்டுப் போயிடும். எந்த முனைய எதோட சேக்கறதுன்னு செல்லுக்குத் தெரியாது. தாறுமாறா ஒட்டி வச்சிக்கும். அப்பறம் ரெண்டா பிரியறப்ப சாவும்."

"நல்ல செல்லும் துண்டாவுமே?"

"வழியில கொஞ்சம் துண்டாவும். ஆனா கார்பன் வேகமா போறப்ப பெருசா ஒண்ணும் பண்ணாது. வேகம் கொறஞ்சு நிக்கப் போற எடத்துலதான் மொத்தத்தையும் கொட்டும். அதுக்கு அப்பால ரொம்பக் கம்மி. நிக்கற எடம் கட்டியா இருக்கற மாதிரி அனுப்பணும், அவ்ளோதான்."

மாமா யோசித்தார். "எண்ட் டு எண்ட் வண்டி. விழுப்புரத்துல ஏத்திக்கினா வழியில ஒருத்தன் ரெண்டு பேருதான் எறங்குவான். கூட்டம் மொத்தமும் திண்டிவனத்துல எறங்கும்."

"அதேதான்" என்றாள் அருணா. இத்தனை வருஷமாகப் படம் போட்டுக் காட்டியும் கல்லூரி முதல்வருக்கு விளங்காத விஷயம்.

"எனக்குக் கெடைக்கறது டவுன் பஸ்ஸு."

"ஆமா மாமா. எல்லா ஸ்டாப்பிங்லயும் நிக்கும். நல்ல செல்லும் அடி வாங்கும். அதனாலதான் ஒரேயடியா குடுக்காம முப்பத்து மூணு நாளா பிரிச்சுக் குடுக்கறாங்க. மறுநாளைக்குள்ள நல்ல செல்லு ஓரளவு தேறிக்கும். புத்து அந்த அளவுக்குத் தேறாது."

"டவுன் பஸ்ஸும் ஊருக்குப் போயி சேரும்ல?"

"பெரும்பாலும் சேரும்."

"அப்ப நாளைக்கே போயிடலாம்" என்றார் மாமா. "ஜல்தியா போவணும்னு ஆசப்பட்டு அந்தத் தொட்டில ஏறி உக்காந்துட்டேன்."

புதுச்சேரி டாக்டர் தாமதத்துக்குத் திட்டினார். ஆனால் உடனே தொடங்கினார். அருணா தினமும் கல்லூரியில் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து மாமாவைப் பேருந்தில் கூட்டிப்போனாள். மாமாவின் முகத்துக்கு அச்சு எடுத்து வலை போன்ற முகமூடி செய்தார்கள். அதைப் போட்டு மேசையோடு இறுக்கிவிட்டு, எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்துவார்கள். சில நிமிஷம் இயந்திரம் தலையைச் சுற்றும். வலி தெரியாது. வலி மூன்றாவது வாரம் வந்தது. வாய் புண்ணானது, எச்சில் வற்றியது, கழுத்து கருத்து உரிந்தது. ருசி அடியோடு போய்விட்டது. மீன் குழம்பும் மண்ணும் ஒன்று என்றார். கேப்பைக் கூழ் மட்டும் இறங்கியது.

பதினேழாம் நாள் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பேஜாரு எனக்கு வேணாம். தொட்டில கால விட்டப்ப நல்லாத்தான் இருந்தேன்."

"அப்ப அங்கயே போயி, கால விட்டுக்கினே செத்துப் போங்க" என்றாள் அருணா.

பானுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா எழுந்து சட்டையை மாட்டினார். அன்று பேருந்தில் போகும்போதும் வரும்போதும் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். அருணா மன்னிப்புக் கேட்கவில்லை; அவளுக்கு அது வராது. மறுநாள் வழக்கத்தைவிட அரை மணி முன்னதாக வந்து, கூழை வடிகட்டி ஆற்றி பாட்டிலில் ஊற்றினாள். மாமா அதை வாங்கிக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் மாமாவின் மகன் தென்னரசு ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தான். திண்டிவனம் முழுவதும் ஒட்டியிருக்கிறார்கள் என்றான். வல்லரசின் நிலையத்து விளம்பரம். நடுவில் ஒரு படம்: தொட்டியின் முன் குனிந்து உன்னிப்பாகப் பார்க்கும் அருணா. கீழே, "டெல்லி கன அயனி விஞ்ஞானி டாக்டர் அருணா அவர்கள் நேரில் வந்து பரிசோதித்த ஒரே நிலையம்." அதற்கும் கீழே சின்ன எழுத்தில், "ஞாயிறுதோறும் காய்கறி நச்சு நீக்கம் இலவசம்."

அருணா காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"படத்துல இருக்கறது நீங்கதானே?"

"ஆமாங்க."

"நேர்ல போனீங்களா?"

"போனேன்."

"பரிசோதனை பண்ணீங்களா?"

"வாழைத்தண்டப் போட்டுப் பாத்தேன். அது ஏமாத்துன்னு காட்டறதுக்காக."

"அப்ப இதுல எது பொய்யின்னு சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்."

மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு எழுதினாள். உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வந்தது. உரிய துறை எது என்று கேட்டு எழுதினாள். அதற்கும் உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்றே பதில் வந்தது. கல்லூரி முதல்வர் அவளை அறைக்கு அழைத்துக் கை குலுக்கினார். "சொல்லவே இல்லியேம்மா! அந்த சென்டரோட நம்ம காலேஜுக்கு ஒரு டை-அப் போடலாமா? ஸ்டூடண்ட்ஸுக்கு ட்ரெயினிங் மாதிரி?" அன்றே அவள் வேலையை வீசியெறிந்துவிட்டு வந்தாள் என்று எழுத ஆசைதான். வீசவில்லை. போக வேறு இடமில்லை. "அவங்க மெஷின்ல கரண்டு இருக்குது, அயனி இல்ல சார். நம்ம காலேஜுல ரெண்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். முதல்வர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஆவணி முடிவதற்குள் வல்லரசு விழுப்புரத்தில் இரண்டாவது கிளை திறந்தார்.

மாமா முப்பத்து மூன்று நாளையும் முடித்தார். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நரம்போரம் எதுவும் வளரவில்லை. இந்த வகைப் புற்று பல வருஷம் கழித்தும் திரும்பி வரும். அதனால் யாரும் குணமாகிவிட்டது என்ற சொல்லைச் சொல்லவில்லை. அருணா சொல்லவே இல்லை. இடது பக்கம் அப்படியேதான் தொங்குகிறது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவர் வாசலைத் தாண்டுவதில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பானுப்ரியா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள். ருசி இன்னும் திரும்பாத மாமாவுக்கு மட்டும் வழக்கம் போலத் தனியாகக் கூழ் இருந்தது. அவர் கூழை ஒதுக்கிவிட்டு, குழம்பு ஊற்றிய சோறு ஒரு பிடி வாங்கி வலது கன்னத்தில் ஒதுக்கி மென்றார். மென்றுகொண்டே இருந்தார். முகம் சுளித்தது.

"இன்னாம்மா இது? கடலத் தூக்கிக் கொட்டிட்டியா? ஒரே உப்பு!"

பானுப்ரியா கோபித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தென்னரசு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அருணா தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். உப்பு அதிகம்தான்.